இன்ஜெக்டருக்கு என்ன சொல்? பீச்சியா, சிவிறியா, தூவியா

கோவையிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். என்ஜினுக்குள் எரிபொருளைச் செலுத்துகிற இன்ஜெக்டர் ஏன் கெடுகிறது, கெடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நாலு பக்கக் கையேடு ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'எரிபொருள் உட்செலுத்தி' என்று போட்டுப் பார்த்தேன், பையன்கள் வாயில் நுழையவில்லை. முனையில் படிகிற அழுக்குக்கும் ஒரு சொல் வேண்டும். வண்டியை நிறுத்தியதும் என்ஜின் சூட்டில், முனையில் நிற்கிற பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிடும். கனமான மிச்சம் அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் இது சீக்கிரம் சேரும்.

மதுரையிலிருந்து:
அழுக்குக்குப் 'பிசுக்கு' போதும். அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி விளிம்பில் காய்ந்து ஒட்டுவதும் இதேதான். இன்ஜெக்டருக்குப் 'பீச்சி'. பால் பீச்சுகிறோம், பீச்சாங்குழல் இருக்கிறது, விளக்கவே வேண்டாம்.

சென்னையிலிருந்து:
பிசுக்கு சரி. பீச்சி வேண்டாம் ஐயா. எங்கள் பக்கம் 'பீச்சுது' என்றால் வயிற்றுப்போக்கு. வாலிபப் பையன்கள் வகுப்பில் ஆசிரியர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது. 'தெளிப்பான்' என்று வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
'ஆன்' ஆண்பால் விகுதி. கருவிக்கு அதை ஒட்டுகிற வழக்கத்தை இந்தக் குழுமமாவது கைவிட வேண்டும். மண்வெட்டி, தேங்காய்த்துருவி என்று இகர விகுதி கையிலேயே இருக்கிறதே. அதைவிட, நம்மிடம் பழஞ்சொல்லே உண்டு: சிவிறி. விசிறி என்பது சிவிறி என்று எழுத்து முன்பின்னாகும் என இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்பீர்கள். அது காற்று வீசுகிற கருவி மட்டுமல்ல, நீர் வீசுகிற துருத்தியும்தான். பரிபாடலில் வையை நீராட்டில் வருகிறது. விசிறு என்ற வினையைப் பாருங்கள்: ஒன்றைப் பலவாகச் சிதறச் செய்வது. எரிபொருளை நுண்துளியாகச் சிதறடிக்கிற கருவிக்கு இதைவிடப் பொருந்துகிற சொல் எது?

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, சிவிறி அழகான சொல்தான். ஆனால் சொல்லைவிடக் கருவி எனக்கு வேறொன்றை நினைவூட்டுது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் இங்கே பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இன்ஜெக்டர் இல்லாமல், பெற்றோலைக் காற்றோடு கலந்து அனுப்புகிற காபரேற்றர் என்றபடியால் அந்த என்ஜின் தாங்கிச்சுது. கையேட்டில் காபரேற்றருக்கும் ஒரு சொல் வருமோ?

கோவையிலிருந்து:
இந்தக் கையேட்டில் வராது ஐயா. இன்று காலை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காரின் நாலு இன்ஜெக்டரையும் கழற்றிச் சோதனை மேசையில் மாட்டினோம். கீழே நாலு கண்ணாடிக் குழாய். மூன்றில் பனிமூட்டம் மாதிரி கூம்பாக இறங்கியது. நாலாவதில் நூல் பிடித்தாற்போல ஒரே கோடு, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து. பின்வரிசைப் பையன் ஒருவன் தானாகவே சொன்னான்: "சார், மூணு தூவுது, நாலாவது பீச்சுது." பீச்சி என்று பெயர் வைத்தால் கெட்டுப்போனதன் பெயரை நல்லதுக்கு வைத்ததாகிவிடும். உட்செலுத்தி என்பதிலோ உள்ளே போகிறது என்பது மட்டும்தான் இருக்கிறது, எப்படிப் போகிறது என்பது இல்லை. நோயெல்லாம் அந்த 'எப்படி'யில்தான். சரியாகத் தூவாவிட்டால் வண்டி திணறும், பிக்கப் போகும், மைலேஜ் குறையும். ஆகவே 'எரிபொருள் தூவி'.

தஞ்சாவூரிலிருந்து:
தூவி என்றால் இறகு. அன்னத்தின் தூவி என்று இலக்கியம் முழுக்க இருக்கிறது. அதை ஒட்டித்தான் பேனாவைத் தூவல் என்றார்கள்.

மதுரையிலிருந்து:
இறகு கிடக்கட்டும், முன்னால் 'எரிபொருள்' நிற்கிறதே. என் சங்கடம் வேறு. பூத்தூவுகிறோம், விதை தூவுகிறோம். பெட்ரோல் வண்டியில் பரவலாக இருப்பது 3 பார் அளவு அழுத்தம், அங்கே தூவி பொருந்தும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் வண்டியில் 1,600 பாருக்கு மேலும் போகும். கையை நீட்டினால் தோலைத் துளைத்துவிடும். அதற்குத் தூவி என்று மென்மையாகப் பெயர் வைத்தால், மாணவன் கையை நீட்டிப் பார்ப்பான்.

கோவையிலிருந்து:
இது நியாயம். டீசல் பகுதியில் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போடுகிறேன்.

சென்னையிலிருந்து:
ஞாயிறு இரவாகிவிட்டது. தெளிப்பானைத் திரும்பப் பெறுகிறேன். பெரும்பாலானவர்கள் தூவிக்கு வந்துவிட்டோம், முடித்துக்கொள்ளலாமா?

கோவையிலிருந்து:
தலைப்பில் 'இன்ஜெக்டர்' இருக்கும், முதல் வரியில் 'எரிபொருள் தூவி' என்று அறிமுகம். பட்டறையில் பையன் இரண்டையும் சொல்லலாம். பராமரிப்புப் பகுதி இப்படிப் போகிறது: ஃபில்டரைக் காலத்தில் மாற்று. டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடித்துவிடு. தண்ணீர் துருவைக் கொண்டுவரும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டாதே. டாங்கிக்குள் இருக்கிற பம்ப் எரிபொருளில் மூழ்கித்தான் சூடு தணிகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்காதே. திணறுகிறது என்றதும் தூவியைக் கழற்றாதே. முதலில் பிளக், காயில், ஒயரைப் பார்.

தஞ்சாவூரிலிருந்து:
பராமரிப்புப் பகுதி தெளிவாக இருக்கிறது. அச்சுக்குப் போகட்டும். நான் சம்மதித்ததாக மட்டும் எழுத வேண்டாம். அடுத்த பதிப்பில் சிவிறியை ஒரு வரியிலாவது சேருங்கள், பரிபாடல் அடியை நான் அனுப்புகிறேன்.