எலிகளால் பரவும் வைரஸ் காய்ச்சல்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

வரப்போரம்:
காட்டை வெட்டி வயலாக்கிய ஓரிடத்தில் எலிகளைக் கணக்கெடுக்கும் குழுவில் இருந்தேன். எஞ்சியிருந்த காட்டுக்குள் வைத்த பொறிகளில் விதவிதமான எலிகள் சிக்கின. வயலோரப் பொறிகளிலோ திறக்கத் திறக்க ஒரே இனம்தான். அவற்றுள் பெரிய ஆண் எலி ஒன்றின் காதுகள் இரண்டும் கந்தலாகக் கிழிந்திருந்தன. வாலடியில் ஆறிய தழும்பு வேறு. எலி எச்சம் கலந்த தூசியைச் சுவாசிக்கும் மனிதருக்கும் தொற்றும் ஹன்டா வைரஸ், எலிகளுக்குள் பரவுவதில் இந்தக் கடிச்சண்டைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் படித்திருந்தபோதிலும், அந்தக் காதுகளைக் கையுறை விரல்களுக்கிடையே பார்த்த பிறகே அது உறைத்தது.

பழைய சாவி:
நெடுநாள் பூட்டிக்கிடந்த தானியக் கிடங்கை என்னுடன் பணிபுரிந்தவர் துடைப்பத்தால் கூட்டினார். கதவிடுக்கு வெயிலில் தூசி எழுந்து மிதந்ததும், அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டதும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. சில வாரங்களில் கடுங்காய்ச்சலும் இடுப்பு வலியும் கண்டன. இரத்தத் தட்டணுக்கள் குறைந்ததால் டெங்கு என்றார்கள். சிறுநீர் குறைந்ததும், பாக்டீரியாவால் வரும் எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்) என்றார்கள். இரண்டும் இல்லை என்றே சோதனைகள் காட்டின. பிழைத்துக்கொண்டார். ஹன்டாவுக்கு மட்டும் எவரும் சோதிக்கவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நேர்கோடு:
வரப்போரம் அவர்கள் எலிக்காக இரங்குவதுபோல் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. காட்டையொட்டி எழுந்த எங்கள் குடியிருப்பில் தலையணை உறைக்குள்ளேயே எலிக்குஞ்சுகள் கிடந்தன. பொறி வைத்த பின்னரே நிம்மதியாக உறங்கினோம். பொலிவியாவின் சான் ஹோகின் ஊரில் மச்சுபோ வைரஸ் பலரைப் பலிகொண்டபோது, 1964இல் வீடு வீடாகப் பொறி வைத்து எலிகளைப் பிடித்த பிறகுதானே நோய் அடங்கியது?

கிளைவழி:
அங்கே எலி வீட்டுக்குள் குடியேறியிருந்தது, ஆகவே பொறி பலித்தது. அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் ஹுனின் வைரஸைச் சுமக்கும் சுண்டெலி மக்காச்சோள வயல்களிலும் வேலியோரப் புதர்களிலும் வாழ்கிறது. அறுவடைக்கு இறங்கியவர்களே பெரிதும் நோயுற்றார்கள். அத்தனை பெரிய சமவெளியில் எத்தனை பொறி வைப்பது? அங்கே நோயைக் குறைத்தது கேன்டிட் 1 தடுப்பூசி.

என் அனுபவம் சிறியது: களப்பணி முகாமில் காலணிக்குள் விட்ட கால்விரலில் எலிப்புழுக்கை தட்டுப்பட்டது, அவ்வளவே. ஆனால் பழைய சாவி அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பூட்டிக்கிடந்த அறையைத் திறந்ததும் உள்ளே நிற்காமல், அரை மணி நேரமாவது காற்றோடவிடுங்கள். துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எச்சங்கள் நன்கு நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையணிந்து காகிதத்தால் துடைத்தெடுங்கள். அடுத்த எட்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திராமல், எலி எச்சம் கிடந்த இடத்தில் வேலை செய்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.

வரப்போரம்:
நேர்கோடு அவர்களே, இரக்கம் எதுவும் இல்லை. வயலோரத்தில் அந்த ஓர் இனம் மட்டும் பெருகியது ஏன் என்பதே என் கேள்வி. அதைத் தின்னும் ஆந்தையும் பாம்பும், அதனோடு இரைக்குப் போட்டியிடும் பிற எலிகளும் காட்டோடு போய்விட்டன. தானியம் மட்டும் மிஞ்சியது. நீங்கள் பிடித்துக் காலியாக்கிய வளைக்கு அடுத்த வயலிலிருந்து இன்னொன்று வரத்தானே செய்யும்?