முடக்குவாதக்காரருக்கு முழங்கால் வீக்கம்: வெந்நீர் ஒத்தடம் சரியா?

வேளச்சேரி மகள்:
அம்மாவுக்கு 58 வயது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. போகிறது. விரல்கள் அடங்கிவிட்டன, வலது முழங்கால்தான் படுத்துகிறது. காலையில் ஒரு மணி நேரம் மடக்கவே முடியவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் கூடுகிறது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாம். மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்கலாமா? வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை.

மருந்துப்பெட்டி:
டைக்ளோஃபெனாக் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. இந்த வலி மாத்திரைகள் அந்த வெளியேற்றத்தைக் குறைக்கும், மருந்து உடம்பில் தேங்கிவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேறு விஷயம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் எழுதுவார்.

புறங்கையால் தொடை, முட்டி, கெண்டைக்கால் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். முட்டி மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருப்பதுதான் இயல்பு. சூடாக இருந்தால் அழற்சி. அதன்மேல் வெந்நீர் வைத்தால் ரத்த ஓட்டம் கூடி வீங்கத்தான் செய்யும். ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். சூடும் வீக்கமும் இல்லாமல் விறைப்பு மட்டும் என்றால் வெந்நீர் சரி.

பிசியோ மேசை:
மேடம், அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மூட்டில் நீர் கோத்திருக்கும்போது பாதி மடக்கினால் உள்ளே இடம் கிடைக்கும், அதனால்தான் இதம். மாதக்கணக்கில் அப்படியே படுத்தால் கால் முழுசாக நீளாமல் நின்றுவிடும். பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு.

இன்னொன்று, முட்டி வீங்கினால் முன்தொடைத் தசை தானாகவே தளரும். படியில் கால் ‘மடக்’கென்று விட்டுப்போவது இதனால்தான். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும்.

கைத்தடி இடது கையில். வலிக்கிற பக்கம் பிடிப்பவர்கள்தான் அதிகம், அது தப்பு. கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வரணும். விரல் மூட்டுகள் ஏற்கெனவே பாதித்தவர், ஆகவே தடித்த பிடியாகப் பாருங்கள். படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில்.

வேளச்சேரி மகள்:
முட்டிக்குப் பின்னால் ஒரு உருண்டை மாதிரி இருக்கிறது. தைலம் போட்டு நீவலாமா?

மருந்துப்பெட்டி:
கூடாது. மூட்டு நீர் பின்பக்கம் பை போலச் சேர்வதுண்டு. அது உடைந்தால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கும்; காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தாலும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். இந்த ஒரு முட்டி மட்டும் கொதித்து, காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். மற்றபடி அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள். சென்னை சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் (அரசுப் பொது மருத்துவமனை) இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துப் போங்கள்.