கேத்தலின் தடை 35 ஓமா, 42 ஓமா? இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை

நோர்வூட்_தம்பி:
வணக்கம். நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில்) இருக்கிறோம். வீட்டில் இருப்பது 1500 வாட்ஸ் கரண்ட் கேத்தல். ஒன்றரை லீட்டர் தண்ணீர் முன்பெல்லாம் ஆறு நிமிஷத்தில் கொதித்துவிடும். போன மாதத்திலிருந்து ஒன்பது நிமிஷம் ஆகிறது. கேத்தலைப் போட்டவுடன் குசினியில் சாமி படத்துக்கு மேலே இருக்கும் சின்னக் குண்டு பல்பும் செம்மஞ்சளாக மங்குகிறது. கீழே நோர்ட்டன் பிரிட்ஜில் காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீரை வைத்து 50 மெகாவாட் எடுக்கிறார்கள், எங்கள் அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ நேரத்துக்குக் கிடைப்பதில்லை.

சரி, கேத்தல்தான் பழுது என்று மீட்டரோடு உட்கார்ந்தேன். பிளக்கைக் கழற்றி, கேத்தல் சுவிட்சைப் போட்டு, பின்களுக்கு இடையே ஓம் பார்த்தேன்: 35.2. பிளக் பேஸில் (சுவரில் பிளக் சொருகும் இடத்தில்) 228 வோல்ட். கூட்டாளியின் கிளாம்ப் மீட்டரை (வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளப்பது) ஒற்றை வயரில் மாட்டினால் 5.4 அம்பியர். 228ஐ 5.4ஆல் வகுத்தால் 42.2 ஓம் வருகிறது. எதை நம்புவது?

கொட்டகலை_மழை:
குளிர்தான் மச்சான். இந்த மாதத்தில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மலை உயரத்தில் தண்ணீர் கொதிக்க நேரமெடுக்கும்.

சயன்ஸ்_டீச்சர்:
உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகை வந்தாலே போதும். குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு நிமிஷம் கூடலாம், மூன்று நிமிஷம் கூடாது. பல்பு மங்குவதற்குக் குளிர் என்ன செய்யும்?

தம்பி, 228 வோல்ட்டை எப்போது அளந்தீர்கள்? கேத்தல் ஓடும்போதா, அதற்கு முன்பா?

நோர்வூட்_தம்பி:
முன்பு, டீச்சர். பேஸ் சும்மா இருக்கும்போது.

சயன்ஸ்_டீச்சர்:
அதுதான் சிக்கல். ஓடாதபோது எடுத்த வோல்ட்டை ஓடும்போது எடுத்த அம்பியரால் வகுத்திருக்கிறீர்கள். கேத்தல் ஓடும்போது அதே லைனில் பக்கத்து பேஸில் அளந்து பாருங்கள். வெறும் கம்பியைத் தொடவே வேண்டாம்.

நோர்வூட்_தம்பி:
190!! கேத்தலை நிறுத்தினால் மறுபடி 228.

சயன்ஸ்_டீச்சர்:
இப்போது வகுங்கள். 190 ÷ 5.4 = 35.2. மல்டிமீட்டர் சொன்னதேதான். கேத்தலில் ஒரு பழுதும் இல்லை. கம்பிச்சுருள் நைக்ரோம் என்ற கலப்புலோகம் என்பதால் சூட்டிலும் அதன் தடை பெரிதாக மாறாது. (குண்டு பல்பில் இதைச் செய்து பார்க்காதீர்கள். குளிர்ந்திருக்கும்போது எடுத்த தடைக்கும் எரியும்போது வரும் தடைக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும்.)

கேத்தலுக்குக் கிடைக்கும் வலு 190 × 5.4 = 1026 வாட்ஸ். 1500 எங்கே, 1026 எங்கே! ஒன்பது நிமிஷத்துக்குக் காரணம் அதுதான்.

ஆனால் உங்கள் 42 ஓமும் வீண் இல்லை. அது கேத்தலும் அதற்கு முன்னால் உள்ள வயரும் சேர்ந்த தடை. 42.2இலிருந்து 35.2ஐக் கழித்தால் 7. அந்த 7 ஓம் எங்கோ வயரில் இருக்கிறது, 38 வோல்ட்டைத் தின்கிறது.

பழைய_வயர்மேன்:
டீச்சர் சொல்வது சரி. நான் கொஞ்சம் பயந்துபோய் எழுதுகிறேன். தம்பி, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் பேஸ் இருந்தால், கேத்தல் ஓடும்போது அங்கே எத்தனை வோல்ட்? அங்கிருந்து குசினிக்கு எவ்வளவு தூரம், என்ன வயர்?

நோர்வூட்_தம்பி:
மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) ஒரு பேஸ் இருக்கிறது அண்ணே. அங்கே 226. குசினிக்கு 12 மீட்டர் இருக்கும். 1 மில்லிமீட்டர் சதுர வயர். குசினியைப் பின்னால் நீட்டிக் கட்டியபோது அப்பா இழுத்தது.

பழைய_வயர்மேன்:
அப்படியானால் வெளி லைனில் 2 வோல்ட்தான் போகிறது, மீதி 36ம் வீட்டுக்குள். 36 ÷ 5.4 = 6.7 ஓம். 1 மில்லிமீட்டர் சதுரச் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.018 ஓம். போக 12, வர 12, ஆக 24 மீட்டருக்கு 0.43 ஓம்தான் வர வேண்டும். மிச்சம் ஆறேகால் ஓம் ஒரே இடத்தில், ஏதோ ஒரு தளர்ந்த ஜொயின்டில் உட்கார்ந்திருக்கிறது.

அம்பியரை அம்பியரால் பெருக்கி அதைத் தடையால் பெருக்குங்கள்: 5.4 × 5.4 × 6.25 = 182 வாட்ஸ். மூன்று 60 வாட்ஸ் குண்டு பல்பின் சூடு, கூரைப் பலகைக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவு இடத்தில்! லயத்தில் ஒரு காம்பராவில் (அறையில்) நெருப்புப் பிடித்தால் வரிசை முழுவதும் போய்விடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே மெயினை இறக்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

நோர்வூட்_தம்பி:
ஆனால் டிரிப் சுவிட்ச் விழவே இல்லையே அண்ணே?

பழைய_வயர்மேன்:
விழாது. கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால்தான் டிரிப் விழும். கரண்ட் கூடினால் பிரேக்கர் விழும். உங்கள் வீட்டில் கசிவு இல்லை, கரண்டோ ஆறரையிலிருந்து 5.4க்குக் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் இது நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

நோர்வூட்_தம்பி (இரண்டு நாள் கழித்து):
கிடைத்துவிட்டது. நடு காம்பராவுக்கு மேலே, வயரின் இரண்டு துண்டையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் கரியாகி உதிர்ந்தது. பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. வயர்மேன் அதை வெட்டியெறிந்து, பெட்டி வைத்து, திருகுக் கனெக்டர் போட்டார். இப்போது ஓடும்போது 222 வோல்ட், 6.3 அம்பியர். 35.2 ஓம், 1400 வாட்ஸ். ஆறு நிமிஷம் சொச்சத்தில் கொதிக்கிறது.

சாமி பல்பு மட்டும் இன்னும் ஒரு பொட்டு மங்குகிறது, அம்மா விடமாட்டேன் என்கிறார்.

பழைய_வயர்மேன்:
228க்கும் 222க்கும் இடையில் உள்ள ஆறு வோல்ட்தான் அது. பிளக் லைனுக்கு 1 மில்லிமீட்டர் சதுரம் காணாது. மழைக்கு முன் 2.5 இழுத்துவிடச் சொல்லுங்கள்.

நோர்வூட்_தம்பி:
சம்பளம் வரட்டும் அண்ணே.