பாத்ரூமிலும் சமையலறையிலும் பொடி ஈ: இரண்டு டப்பா ஸ்பிரே காலி, ஈ அப்படியே

வசந்தி_தாம்பரம்:

வணக்கம். தாம்பரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். ஒரு மாதமாக வீடு முழுக்கப் பொடி ஈ. கொசு அளவுதான், கடிப்பதில்லை. காலையில் பாத்ரூம் விளக்கைப் போட்டால் டைல்ஸில் ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். சமையலறையில் வாழைப்பழத் தட்டைச் சுற்றி ஒரு கூட்டம். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி எடுப்பதற்குள் ஒன்று மிதக்கிறது.

கரப்பான் ஸ்பிரே இரண்டு டப்பா அடித்தாயிற்று. தினமும் ராத்திரி சிங்க்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். பாத்ரூமில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ப்ளீச்சிங் பவுடர். மாமியார் சொல்லிக் கற்பூரமும் வைத்தேன். அடித்த அன்று தரையெல்லாம் செத்துக் கிடக்கும், நான்காம் நாள் பழைய கதை. நான்கு வயதுப் பிள்ளை இருப்பதால் இன்னும் காட்டமாக எதையும் அடிக்கப் பயமாக இருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கும் ஒருவரைக் கேட்டால், வந்து பார்க்காமலே போனில் வருட ஒப்பந்தம் பேசுகிறார். என்ன செய்யலாம்?

சுப்பு72:

எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டிக் கிராம்பு குத்தி வையுங்கள். ஓடியே போய்விடும்.

வசந்தி_தாம்பரம்:

அதுவும் செய்தேன் சார். மறுநாள் கிராம்பு மேலேயே ஒன்று உட்கார்ந்திருந்தது.

பூச்சிப்பித்தன்:

சகோதரி, பாத்ரூமில் இருப்பதும் பழத்தட்டில் இருப்பதும் ஒரே ஈ என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இரண்டு வகை என்று தோன்றுகிறது. இரண்டும் பிறக்கும் இடம் வேறு வேறு. ஸ்பிரே பறக்கிறதைத்தான் கொல்லும். புழு எங்கேயோ ஈரத்துக்குள் பத்திரமாக இருக்கிறது, இரண்டு மூன்று நாளில் அடுத்த தொகுதி வெளியே வருகிறது.

போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாத்ரூம் சுவரில் உட்கார்ந்திருப்பது குட்டி வெற்றிலை வடிவத்தில், சாம்பல் நிறத்தில், இறக்கையெல்லாம் ரோமமாக இருந்தால் அது சாக்கடை ஈ. சரியாகப் பறக்கத் தெரியாது, தட்டினால் கொஞ்ச தூரம் தத்திப் போய் மறுபடி சுவரில் ஒட்டும். தேய்த்தால் அந்துப்பூச்சி மாதிரி பொடி ஒட்டும். பழத்தட்டில் இருப்பது தேன் நிறத்தில், சிவப்புக் கண்ணோடு இருந்தால் பழ ஈ.

முதுகலை விலங்கியல் படித்தபோது இந்தப் பழ ஈயை ரவை, வெல்லம், ஈஸ்ட் போட்டுக் கூழ் காய்ச்சிப் பாட்டில் பாட்டிலாக வளர்த்திருக்கிறேன். மரபியல் விஞ்ஞானி மார்கன் 1933இல் நோபல் வாங்கியது இந்த ஈயை வைத்துச் செய்த ஆராய்ச்சிக்குத்தான். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை சுமார் 10 நாளில் ஈயாகிவிடும், ஒரு பெண் ஈ ஆயுளில் 400, 500 முட்டை வரை போடும். அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பிடிக்கிறது, உங்களுக்குப் பிடிக்கவில்லை.

இன்று ராத்திரி இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, சமையலறையில் ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் வினிகர், கொஞ்சம் சர்க்கரை, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் ஈ மேலே உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும், விட்டால் மூழ்கிவிடும். வினிகர் இல்லையென்றால் கனிந்த வாழைப்பழத் துண்டு போதும். இரண்டு, வீட்டில் எத்தனை வடிகால் உண்டோ அத்தனைக்கும் மேலே செல்லோ டேப்பைப் பசைப் பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டுங்கள். முழுக்க மூடாமல் ஓரத்தில் இடைவெளி விடுங்கள். உள்ளேயிருந்து வருகிறவை டேப்பில் ஒட்டிக்கொள்ளும். சாக்கடை ஈ வினிகருக்கு வராது, அதனால் எந்தப் பொறியில் எது விழுகிறது என்பதே பாதி விடை.

குழாய்க்காரர்:

மேடம், சிங்க்கில் கொதிநீர் ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள். பிவிசி குழாயில் தினம் ஊற்றினால் இணைப்பு இளகி ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஈயும் சாகாது. குழாயின் உள்சுவரில் சோப்பு, முடி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து கூழ் மாதிரி படிந்திருக்கும், புழு அதற்குள்ளே இருக்கிறது. தண்ணீரோ ப்ளீச்சிங்கோ அதன் மேலே வழுக்கி ஓடிவிடும்.

இன்னொன்று, ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் பாத்ரூம் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு அப்படிச் செய்து மூச்சுத் திணறி வெளியே ஓடிவந்தவரை நானே பார்த்திருக்கிறேன். கரப்பான் ஸ்பிரேயையும் எரிகிற அடுப்புப் பக்கம் அடிக்கக் கூடாது, தீப்பிடிக்கும் சரக்கு அது.

மாடித்தோட்டம்_மதுரை:

வசந்தி, வீட்டுக்குள் தொட்டிச் செடி வைத்திருக்கிறீர்களா? எனக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கறுப்பாக, மெலிசாக, காலெல்லாம் நீளமாக, டிவி வெளிச்சத்துக்கு வந்து மூக்கில் ஏறும். பழத்தையும் சிங்க்கையும் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் தேங்காய் நார்க் கழிவில் வைத்த மணி பிளான்ட். தினமும் தண்ணீர் ஊற்றி மண்ணைச் சேறாக்கி வைத்திருந்தேன், புழு மேல்மண்ணில் ஓர் அங்குலத்துக்குள் வாழ்கிறது. உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண் மேல் வைத்து இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தேன், அடியில் கண்ணாடி மாதிரி வெள்ளைப் புழு, கறுப்புத் தலை. மேல்மண் காயும்வரை தண்ணீர் விடாமல், தொட்டி அடித் தட்டைக் காலி செய்து, மஞ்சள் ஒட்டு அட்டையும் குத்தி வைத்தேன். ஒரு மாதம் ஆயிற்று முழுக்கத் தீர. பாவம், மணி பிளான்ட்டுக்கு அதற்கப்புறம்தான் உயிரே வந்தது.

வசந்தி_தாம்பரம்:

செடி பால்கனியில் ஒரே ஒரு துளசிதான், மண் காய்ந்தே இருக்கிறது. சோதனை முடிவு இதோ. வினிகர் டம்ளரில் காலையில் 23, எல்லாம் சிவப்புக் கண். பாத்ரூமில் இருப்பது நீங்கள் சொன்ன வெற்றிலையேதான்! ஆனால் டேப்பில் ஒரு குழப்பம். நாங்கள் குளிக்கும் பாத்ரூம் வடிகாலில் ஒன்றுகூட ஒட்டவில்லை. சமையலறை சிங்க்கிலும் இல்லை. வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் வடிகாலில் மட்டும் 11.

இன்னொரு சந்தேகம். வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன், குப்பைக்கூடையைக் கழுவிக் காயவைத்தேன். பழ ஈ குறையவில்லை. மாம்பழத்துக்குள் புழு இருக்குமே, அப்படிக் கடையிலிருந்தே வருகிறதா?

பூச்சிப்பித்தன்:

மாம்பழத்துக்குள் புழு வைப்பது வேறு ஈ. விவசாயிகள் அதையும் பழ ஈ என்றுதான் சொல்வார்கள், அதனால் வரும் குழப்பம். அது நம் வீட்டு ஈயைவிடப் பெரியது, மரத்திலேயே நல்ல காயைத் துளைத்து முட்டை வைக்கும். உங்கள் வீட்டில் இருப்பதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. புளித்தது, அழுகியது, வெடித்தது வேண்டும்.

பழம் எடுத்தும் குறையவில்லையென்றால் பழம் வெறும் சாப்பாட்டுக்கடை, பிரசவ வார்டு வேறு எங்கோ இருக்கிறது. உருளைக்கிழங்குக் கூடையைக் கொட்டிப் பாருங்கள். சின்ன வெங்காயம் கட்டிவைத்த பை, ஈர மாப், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு. நம் வீடுகளில் முக்கியமாகத் தோசை மாவு. கிரைண்டர் எங்கே இருக்கிறது?

குழாய்க்காரர்:

வாஷிங் மெஷின் வடிகால்தான் என்றால் ஆச்சரியமே இல்லை. சோப்பும் நூல் பிசிறும் போகிற இடம், மெஷின் மறைப்பதால் யாரும் தேய்ப்பதும் இல்லை. நஹானி ட்ராப், அதாவது தரை வடிகாலில் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம், அதன் மேல் இருக்கும் ஜாலியைக் கழற்றுங்கள். உள்ளே விரலை வைத்தால் வழவழவென்று இருக்கும். கையுறை போட்டுப் பாட்டில் கழுவும் நீளப் பிரஷால் சுவரைச் சுற்றித் தேய்த்து, வருகிற சேற்றை உள்ளே தள்ளாமல் வெளியே அள்ளிவிடுங்கள். ஜாலியின் அடிப்பக்கத்தை மறக்க வேண்டாம். மெஷின் ஹோஸ் நுனியையும் கழற்றிக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை இப்படித் தேய்த்தால் போதும், மருந்தே வேண்டாம்.

புழங்காத பாத்ரூம் ஏதாவது இருந்தால் வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வையுங்கள். ட்ராப்பில் நிற்கிற தண்ணீர்தான் கீழிருந்து நாற்றமும் பூச்சியும் ஏறாமல் தடுக்கிறது. அது காய்ந்துவிட்டால் வழி திறந்த மாதிரி.

தரைத்தள வீட்டுக்காரர்கள் யாராவது படித்தால் ஒன்று. முதுகு கூனின பொடி ஈ, பறப்பதைவிட விடுவிடுவென்று ஓடுவது அதிகம் என்றால் அசட்டையாக விடாதீர்கள். ஒரு வீட்டில் எதைக் கழுவியும் போகாமல் கடைசியில் தரையை உடைத்தோம். கழிவுக் குழாய் விரிசல் விட்டு மண்ணெல்லாம் ஊறிக் கிடந்தது.

சுப்பு72:

ஈயில் இத்தனை ஜாதியா! எலுமிச்சம்பழம் என் வீட்டில் வேலை செய்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வசந்தி_தாம்பரம்:

ஞாயிற்றுக்கிழமை என் கணவரை வைத்து மெஷினை நகர்த்தினோம். ஜாலிக்கு அடியில் இருந்ததை எழுதினால் யாரும் சாப்பிட மாட்டீர்கள். ஒரு மக் நிறைய எடுத்தோம், அதற்குள் மெலிசாகச் சாம்பல் நிறப் புழு நெளிந்தது.

அப்புறம் கிரைண்டர். டேபிள் டாப்தான். பாத்திரத்தையும் கல்லையும் ஒவ்வொரு தடவையும் கழுவுகிறேன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாத்திரம் உட்காரும் அடித்தட்டைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறது, அதைப் பார்த்ததே இல்லை. மாவு வழிந்து வழிந்து மேலே காய்ந்து, உள்ளே ஈரமாகப் புளித்துக் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அரிசி நொய் மாதிரி குட்டிக் குட்டிக் கூடு. மாமியார் பார்த்துவிட்டு, ஆட்டுக்கல்லில் இதெல்லாம் வந்ததில்லை என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய டூத் பிரஷும் ஈரத்துணியுமாகச் சுரண்டி எடுத்து, வெயில் வரும் ஜன்னலோரம் ஒரு நாள் காயவைத்தோம்.

ஆனால் இன்று இரண்டு நாள் ஆகிறது, பாத்ரூமில் இன்னும் நான்கைந்து இருக்கின்றனவே?

பூச்சிப்பித்தன்:

இருக்கும், பதறாதீர்கள். ஏற்கெனவே வெளியே வந்தவை இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கலாம். தேய்த்ததில் தப்பிய கூடுகளும் கொஞ்சம் வெடிக்கும். சுவரில் உட்கார்ந்திருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள், ஸ்பிரே வேண்டாம். வினிகர் டம்ளரைத் தினமும் மாற்றி எண்ணிக்கையைக் காலண்டரில் எழுதி வையுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். ஒரு வாரம் கழித்தும் 20இலேயே நின்றால் இன்னொரு இடம் பாக்கி.

வசந்தி_தாம்பரம்:

காலண்டர் கணக்கு: 23, 19, 14, 15, 8, 6, 2, 0, 1, 0. அந்த 15 அன்று நான் மாம்பழத் தோலை ராத்திரி முழுக்கக் கூடையில் விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பாத்ரூமில் மூன்றாவது வாரத்தில் ஒன்றுமில்லை.

நேற்று ராத்திரி மட்டும் வாஷ்பேசின் கண்ணாடியில் ஒரே ஒரு வெற்றிலை. வாஷ்பேசினில் மேலே இன்னொரு ஓட்டை இருக்கிறதே, தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க, அதற்குள் இதுவரை பிரஷ் விட்டதே இல்லை. டேப் ஒட்டியிருக்கிறேன். காலையில் பார்த்துச் சொல்கிறேன்.