தெச்சான்ஸ்கி நிஜமாகவே குருடாக்கப்பட்டாரா? (தயவுசெய்து சண்டை வேண்டாம்)

பழையஏடு:
நேற்று இன்னொரு திரியில் கோபுரவாசல் போகிற போக்கில் எழுதியது இது: "செர்பிய மன்னர் ஸ்டெஃபான் தெச்சான்ஸ்கியின் இரண்டு கண்களையும் பெற்ற அப்பாவே பிடுங்கினார். பிறகு புனித நிக்கலஸ் அருளால் பார்வை திரும்பியது. இது வரலாறு." கடைசி இரண்டு சொற்களைப் படித்ததும் எனக்குக் காப்பி புரை ஏறிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். அப்பா மிலூதின் 1282 முதல் 1321 வரை ஆண்டவர். மகன் ஸ்டெஃபான் கடலோரப் பகுதியான ஸேத்தாவைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1314இல் அப்பாவுக்கு எதிராகக் கிளம்பினார், தோற்றார். கண்ணைக் குருடாக்கச் சொல்லி உத்தரவு போனது. அப்புறம் குடும்பத்தோடு பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளுக்கு நாடுகடத்தல். அங்கிருந்து திரும்பியபோதும் கண்ணில் துணி. 1321 அக்டோபரில் அப்பா இறந்தார், துணி அவிழ்ந்தது, "பார்வை வந்துவிட்டது" என்றார். 1322 ஜனவரியில் முடிசூட்டு விழா.

என் கேள்வி ஒன்றே ஒன்று. அப்பா சாகும்வரை அந்தத் துணி ஏன் அவிழவில்லை?

கோபுரவாசல்:
வந்துவிட்டார் ஐயா! ஒரு வரி எழுதினால் போதும், தனித் திரி திறந்து ஊரைக் கூட்டிவிடுவார். பார்வை திரும்பியது கான்ஸ்டான்டினோபிளில், பான்டோக்ரேட்டர் மடத்தில். அவருடைய வாழ்க்கையை எழுதிய கிரிகோரி சம்ப்லாக் தெளிவாகச் சொல்கிறார்: குருடாக்கிய அன்று இரவே புனித நிக்கலஸ் கனவில் வந்து, "உன் கண்கள் என் கையில் இருக்கின்றன" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஐந்தாவது வருடம் மறுபடி வந்து கொடுத்தார். அப்பாவுக்குத் தெரிந்தால் திரும்பவும் குருடாக்குவார் என்றுதான் துணியை அவிழ்க்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று.

மதியத்தூக்கம்:
நான் இத்தனை நாள் 'டெக்கானி' என்று படித்துவிட்டு ஹைதராபாத் பக்கத்து ராஜா என்றே நினைத்திருந்தேன். பிரியாணி பற்றி ஒன்றும் வரவில்லையே என்று இப்போதுதான் உறைத்தது.

பழையஏடு:
@கோபுரவாசல் சம்ப்லாக் யார்? தெச்சானி மடத்தின் தலைவர். எப்போது? 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மன்னர் செத்து எழுபது வருடம் கழித்து, மன்னர் கட்டிய மடத்தில் உட்கார்ந்துகொண்டு, மன்னருடைய உடலை வணங்க வருகிறவர்களுக்காக எழுதியவர். கடைக்காரரிடம் போய்ச் சரக்கு நல்லதா என்று கேட்கிற கதை.

இருக்கட்டும், உங்கள் பதிலையே எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பயந்து, பார்க்கத் தெரிந்தும் துணி கட்டிக்கொண்டு குருடராக நடித்தார் என்கிறீர்கள். இரண்டு வருடம் நடிக்கத் தெரிந்தவருக்கு ஏழு வருடம் நடிக்கத் தெரியாதா? கண் முதலிலேயே போகவில்லை. சூடு வைத்தவன் கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கிறான், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் பலரும் முழுக்கக் குருடாக்கப்படவில்லை என்றே சொல்கிறார்கள்.

வெண்ணிலா77:
ஒரு சின்ன சந்தேகம். குருடாக்குவது என்றால் கண்ணைப் பிடுங்குவதா, சுட்ட இரும்பைக் கண்ணுக்குக் கிட்டே காட்டுவதா? இரண்டும் ஒன்றில்லையே? முதலில் அதைப் பேசி முடித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
@பழையஏடு "எழுபது வருடம் கழித்து எழுதினால் நம்பக்கூடாது" என்பது புது விதி. போன மாதம் பைசாந்தியத் திரியில் 200 வருடம் பிந்திய நூலை வைத்து என்னை மூன்று பக்கம் திட்டினீர்களே, அப்போது அந்த விதி ஊருக்குப் போயிருந்ததா? திரி இன்னும் இருக்கிறது, எல்லோரும் போய்ப் பார்க்கலாம்.

பழையஏடு:
@கணக்குப்பிள்ளை அங்கே தோற்ற கோபத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே பேசியது வரி வசூல். இங்கே பேசுவது கண்.

கோபுரவாசல்:
சூடு வைத்தவன் கையைத் தள்ளிப் பிடித்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது, அவனா? நான் சொன்னால் கட்டுக்கதை, நீங்கள் சொன்னால் ஆய்வா? நம் சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் ஒரு கண் திரும்பியது என்று பாடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்க உங்களுக்கே கூச்சமாக இல்லையா?

நிர்வாகி:
நாயன்மார்களை இதற்குள் இழுக்க வேண்டாம். ஏற்கெனவே ஒரு திரியைப் பூட்டியிருக்கிறேன்.

வெண்ணிலா77:
என் கேள்வி மேலே போய்விட்டது போல. பரவாயில்லை, இன்னொன்று. இந்தக் குடும்பத்தில் சிமோனிதா என்று ஒரு ராணி உண்டு அல்லவா? ஸ்டெஃபானைப் பற்றி மிலூதினிடம் கோள் மூட்டியது அந்தச் சித்திதான் என்று எங்கோ படித்தேன்.

கணக்குப்பிள்ளை:
கோளாம் கோள். 1299இல் கல்யாணம் ஆனபோது அந்தப் பெண்ணுக்கு வயது 5, மாப்பிள்ளை மிலூதினுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிகஸ் எல்லைச் சண்டையை நிறுத்தப் பெற்ற மகளைத் தூக்கிக் கொடுத்தார். 1317இல் அம்மா இறந்ததும் தாய்வீட்டுப் பக்கம் போன சிமோனிதா, கன்னியாஸ்திரீ உடையை மாட்டிக்கொண்டு "இனித் திரும்ப மாட்டேன்" என்று நின்றாள். கூடப் போன அண்ணனே (அப்பாவின் முதல் மனைவியின் மகன்) அந்த உடையைக் கிழித்தெறிந்து, அழ அழ மிலூதினின் ஆட்களிடம் ஒப்படைத்தான். மிலூதின் செத்த பிறகுதான் ஊர் திரும்பிக் கன்னியாஸ்திரீ ஆக முடிந்தது. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. யாரை அரியணையில் உட்காரவைக்கக் கோள் சொல்ல வேண்டும்? எழுதியவர்களுக்குச் சித்தி கிடைத்தாள், பழியைப் போட்டார்கள்.

மதியத்தூக்கம்:
கிராச்சனிட்சா கோயில் சுவர் ஓவியத்தில் அந்த சிமோனிதாவின் கண்களையும் யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்குக் கண் ஆகாது போல. சுற்றிப் போடச் சொல்லுங்கள்.

பழையஏடு:
சிமோனிதா தனித் திரிக்கு உரிய விஷயம். ஆனால் கணக்குப்பிள்ளை தெரியாமலேயே எனக்கு ஒரு சாட்சியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். சிமோனிதாவின் தாத்தா எட்டாம் மிக்கேல் 1261இல் என்ன செய்தார்? ஜான் லஸ்காரிஸ் என்ற 11 வயதுப் பைசாந்தியப் பேரரசனைக் குருடாக்கி அரியணையைப் பிடித்தார். அந்தப் பையனுக்கு எந்தப் புனிதரும் கனவில் வரவில்லை, கோட்டையிலேயே வாழ்நாள் கழிந்தது. ஒழுங்காகக் குருடாக்கினால் அப்படித்தான் இருக்கும். குருடன் அரசனாக முடியாது என்பதற்காகத்தானே அதைச் செய்வதே! ஸ்டெஃபான் அரசரானார் என்றால் கண் இருந்தது என்று அர்த்தம். துணி ஏன் அப்பா சாகும்வரை அவிழவில்லை? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

கோபுரவாசல்:
மூன்று தடவை கேட்டால் கேள்வி பெரிதாகிவிடாது. நான்தான் சொல்லிவிட்டேனே, பயம். இத்தாலியில் பாரி நகரத்து நிக்கலஸ் ஆலயத்தில் ஒரு படம் இருக்கிறது. ஸ்டெஃபான் காணிக்கையாகக் கொடுத்தது என்று இன்றும் காட்டுகிறார்கள். கண் போகாதவர் எதற்கு நன்றிக்கடன் செலுத்தினார்?

பழையஏடு:
அதே ஆலயத்துக்கு 1319இல் வெள்ளிப் பலிபீடம் கொடுத்தது யார் தெரியுமா? கண்ணைப் பறிக்கச் சொன்ன அப்பா மிலூதின். அவருக்கு எந்தக் கண் திரும்பி வந்தது? அந்த வம்சமே நிக்கலஸுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வம்சம். காணிக்கை அத்தாட்சி ஆகாது.

கணக்குப்பிள்ளை:
இதில் மட்டும் பழையஏடு சொல்வது சரி. மட்டும்.

கோபுரவாசல்:
ஓஹோ, நேற்றுவரை கீரியும் பாம்பும், இன்று கூட்டணி. நல்லது. உங்களுக்கு அந்த மனிதரின் துயரமே கண்ணில் படவில்லை. சின்ன வயதில் நோகாய் என்ற தார்த்தாரியத் தலைவனிடம் பணயமாக அனுப்பியது அப்பா. குருடாக்கச் சொன்னது அப்பா. நாடுகடத்தப்பட்ட ஊரில் ஒரு மகன் செத்தான். 1330 ஜூலை 28 வெல்புஷ்த் போரில் பல்கேரிய அரசன் மிக்கேல் ஷிஷ்மனைத் தோற்கடித்தார். அவன் இவருடைய தங்கை ஆனாவைத் தள்ளிவைத்துவிட்டுப் பைசாந்திய இளவரசியைக் கட்டியவன். அடுத்த வருடமே, நாடுகடத்தலில் கூடவே வளர்ந்த மூத்த மகன் துஷான் இவரை அரியணையிலிருந்து இறக்கி ஸ்வெச்சன் கோட்டையில் அடைத்தான். 1331 நவம்பரில் அங்கேயே சாவு. கழுத்தை நெரித்தார்கள் என்று சம்ப்லாக் எழுதுகிறார். இப்படி ஒருவரைப் போய் நடிகர் என்கிறீர்கள்.

பழையஏடு:
கழுத்தை நெரித்தது சரியா தவறா என்று நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதற்கும் சாட்சி அதே கடைக்காரர்தான். அவரை நான் குறைவாகப் பேசவும் இல்லை. உயிர் பிழைக்க ஏழு வருடம் கண்ணைக் கட்டிக்கொண்டு, எதிரே நிற்கிற சேவகன் கை ஓங்கினால்கூட இமைக்காமல் உட்கார்ந்திருப்பது லேசான காரியமா? எனக்கு அவர்மேல் உங்களைவிட மரியாதை அதிகம். நீங்கள்தான் எல்லாப் பெருமையையும் நிக்கலஸுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

மதியத்தூக்கம்:
கண்ணில் துணி கட்டியிருக்கும்போது இமைத்தால் சேவகனுக்கு எப்படித் தெரியும் அண்ணே?

பழையஏடு:
இது நக்கல். பதில் கிடையாது.

கோபுரவாசல்:
ஹா ஹா. முதல் தடவையாக மதியத்தூக்கம் உருப்படியாக ஒன்று எழுதியிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
தெச்சானி மடத்தில் கோயிலைக் கையில் ஏந்தியபடி அவருடைய சுவர் ஓவியம் இருக்கிறது. கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. 1327இல் தொடங்கிய கட்டடம், கொத்தோர் ஊரைச் சேர்ந்த வீதா என்ற பிரான்சிஸ்கன் துறவி கட்டியது. கத்தோலிக்கத் துறவி கட்டிய ஆர்த்தடாக்ஸ் கோயில் என்பதுதான் உண்மையில் பேசவேண்டிய விஷயம்.

பழையஏடு:
காசு கொடுத்துக் கோயில் கட்டியவரைக் கண் இல்லாமல் வரைய எந்த ஓவியனுக்குத் துணிச்சல் வரும்? அடுத்து.

வெண்ணிலா77:
பிடுங்குவதா, சுடுவதா? யாராவது?

கோபுரவாசல்:
நான் கிளம்புகிறேன். நம்பிக்கை இல்லாதவரிடம் பேசி என் இரவு வீணானதுதான் மிச்சம். நவம்பர் 24 அவருடைய திருநாள், அன்றைக்கு ஒரு தனித் திரி போடுவேன். அதில் சிலர் எட்டிப் பார்க்காமல் இருந்தால் நல்லது.

பழையஏடு:
கட்டாயம் வருவேன். அதற்குள் துணி விஷயத்துக்கு ஒரு நல்ல பதிலைத் தேடி வையுங்கள். கணக்குப்பிள்ளை, அந்த வரி வசூல் திரியில் உங்கள் கடைசிப் பதிவுக்கு இப்போதுதான் பதில் போட்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தேன். மறுபடி தப்பு.