பதில்: கடைத்தெருவில் கேமரா வைப்பது குறித்து

அன்பார்ந்த ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

கடைத்தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் கண்காணிப்புக் கேமரா பொருத்த நிதி திரட்டலாம் என்று மஸ்கட் பெரியப்பா எழுதியிருந்தார். "சிங்கப்பூரில் குற்றம் குறைந்ததே கேமராவால்தானே?" என்று அதில் கேட்டிருப்பதால், இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கே எது முதலில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும், பெரியப்பா. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடிப் புளோக்குகளில் காவல்துறை கேமரா பொருத்தத் தொடங்கியது 2012இல்தான். ஜப்பானில் தெருவுக்குள்ளேயே இருக்கும் சிறு காவல் சாவடியான கோபான் முறையைப் பின்பற்றித் தோ பாயோ வட்டாரத்தில் அக்கம்பக்கக் காவல் சாவடிகளைத் திறந்ததோ 1983இல். குடியிருப்புகளுக்கு நடுவே சாவடி அமைந்தது; வீடு வீடாகச் சென்று பேசுவதும் அங்கிருந்த அதிகாரிகளின் வேலையாக இருந்தது. 1997 முதல் பெரிய அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் வந்தன. ஆக, கேமரா வருவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் முன்பே காவலரும் குடியிருப்பாளரும் பேசிக்கொள்ளும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

கேமராவால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. உரிமமின்றி வட்டிக்கு விடும் கடன்முதலைகளின் ஆட்கள் நள்ளிரவில் வந்து கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, இரும்புக் கிராதியைப் பூட்டிவிட்டு, படிக்கட்டுச் சுவரில் வீட்டு எண்ணை எழுதிவிட்டுப் போகும் தொல்லை, மின்தூக்கி வாசலில் கேமரா வந்தபின் நன்றாகக் குறைந்தது. ஆனால் மிரட்டல் கைப்பேசிக்கு மாறிக்கொண்டது. இன்று இங்குள்ள பெருங்கவலை மோசடி. 2024இல் மட்டும் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின; பறிபோன தொகை 110 கோடி வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) மேல். அவற்றுள் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் ஏமாந்தவரே தம் கையால் பணத்தை அனுப்பியிருக்கிறார். எந்தத் தெருக் கேமரா இதைப் பிடிக்கும்?

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வசிப்போர் குழு கூட்டிய சந்திப்புக்குக் காவல் அதிகாரிகள் இருவர் வந்திருந்தார்கள். மோசடி பற்றிப் பேச வந்தவர்களிடம், ஓய்வுபெற்ற சீன அம்மையார் ஒருவர் நடைபாதையில் மின்சைக்கிள்கள் சீறிக்கொண்டு போவதைப் பற்றியே பேசினார். எந்தப் பாதை, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த சில வாரங்கள் மாலையில் அங்கே அமலாக்க அதிகாரிகள் நின்றார்கள். கூட்டத்தில் நம்மவர் மிகக் குறைவு. போலிஸ்காரரோடு நின்று பேசினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற ஊர்க் கூச்சத்தை நாம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். வாய் திறந்தவரின் குறை முதலில் கவனிக்கப்பட்டது. வராதவரின் குறை யாருக்கும் தெரியவில்லை.

வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியில் இருக்கும் நம் தம்பிகளுக்குத்தான் இதனால் இழப்பு அதிகம். அதிகாரி பேசுவதாக நம்பிப் பணத்தை இழந்த பையன், வேலை அனுமதி போய்விடுமோ என்று அஞ்சிப் புகார் கொடுக்காமலே இருந்துவிடுகிறான். இன்னொருவன் ஊர் திரும்பும் முன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் சில நூறு வெள்ளிக்கு யாரிடமோ கொடுத்துவிட்டுப் போகிறான். அது குற்றம் என்பது அவனுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம் என்பதையாவது, இதைப் படிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த தம்பிகளிடம் சொல்லுங்கள். இங்குள்ள நம் ஊர்ச் சங்கத்தின் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் காவல் அதிகாரி ஒருவரை அழைக்கலாம் என்பது என் யோசனை.

நம் ஊருக்கும் இதே வழியைத்தான் சொல்வேன். கடைசிப் பேருந்தில் இறங்கி நடந்து வரும் பெண்கள் எந்த இடத்தில் நடையை எட்டிப் போடுகிறார்கள் என்று அவர்களிடமே முதலில் கேட்க வேண்டும். அங்கே தேவைப்படுவது ஒரு தெருவிளக்காகவும் இருக்கலாம். பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள், பள்ளிக்கூட மைதானத்தில் இன்ஸ்பெக்டரையும் எல்லாத் தெருக்காரர்களையும் ஒன்றாக உட்கார வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் பின்வரிசையில் ஒதுங்காமல் பேச வழி செய்யுங்கள். அதன் பிறகும் கேமரா தேவை என்று முடிவானால், பதிவை யார் பார்ப்பது, பழுதானால் யார் செலவழிப்பது என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டு வசூலைத் தொடங்கலாம். என் பங்கையும் அப்போது எழுதிக்கொள்ளுங்கள், பெரியப்பா.