42 கணினியில் ஒன்றில்கூட 7-ஜிப் ஏறவில்லை, 1612 என்ற பிழை வருகிறது

பழைய_மவுஸ்:
வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் 42 கணினி, எல்லாம் விண்டோஸ் 10, ஒரே டொமைன் (மையமாக நிர்வகிக்கும் ஒரே நெட்வொர்க் குழு). ஒவ்வொரு சீட்டாகப் போய் 7-ஜிப் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசியில் அதன் எம்எஸ்ஐ (இன்ஸ்டாலர்) கோப்பைக் கணினிகளுக்கு அசைன் செய்தேன். பாலிசியை உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் கமாண்டும் கொடுத்தாயிற்று, மூன்று முறை ரீஸ்டார்ட்டும் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவு) 1612, அதாவது இன்ஸ்டால் சோர்ஸ் கிடைக்கவில்லையாம். ஆனால் அதே கணினியில் என் ஐடியில் லாகின் செய்து, அந்தக் கோப்பு இருக்கும் ஷேரைத் (சர்வரில் பகிர்ந்த ஃபோல்டர்) திறந்து டபுள் கிளிக் செய்தால் பத்து நொடியில் ஏறிவிடுகிறது! கண்ணெதிரே இருக்கிற கோப்பை இல்லை என்றால் என்ன செய்ய? மேனேஜர் திங்கட்கிழமைக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்.

சர்வர்_அறை:
பாலிசியில் பாதை எப்படிக் கொடுத்தீர்கள்? இசட் டிரைவ் என்று கொடுத்திருந்தால் ஆகாது. மேப் செய்த டிரைவ் எல்லாம் யாராவது லாகின் ஆன பிறகுதான் வரும்.

பழைய_மவுஸ்:
இல்லை அண்ணா, சர்வர் பெயரோடு முழுப் பாதைதான்.

சர்வர்_அறை:
அப்போ பர்மிஷன்தான். ஷேரில் டொமைன் யூசர்ஸுக்கு (பயனர் கணக்குகளின் குழு) மட்டும் ரீட் (படிக்கும் உரிமை) கொடுத்திருப்பீர்கள், சரியா? கணினிக்கு அசைன் செய்தது ஸ்டார்ட்அப்பில்தான் ஏறும், அந்த நேரத்தில் பயனர் என்று யாருமே கிடையாது. விண்டோஸின் சொந்த சிஸ்டம் அக்கவுண்ட்தான் போய்க் கேட்கும், அது சர்வருக்குக் கணினியின் சொந்தக் கணக்காகத் தெரியும், பெயருக்குப் பின்னால் டாலர் குறி இருக்குமே அது. உங்கள் ஐடியில் திறப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வேறு கணக்கில் நிரல்களை ஓட்டும் பிஎஸ்எக்ஸெக் கருவியை எஸ் ஸ்விட்சோடு ஓட்டி, சிஸ்டமாக ஒரு கமாண்ட் விண்டோ திறந்து, அங்கிருந்து அந்த ஷேருக்கு டிஐஆர் (கோப்புகளைப் பட்டியலிடும் கமாண்ட்) அடித்துப் பாருங்கள்.

வயர்மேன்:
எதுக்கு இவ்வளவு, எவ்ரிஒன் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்துவிடுங்க ப்ரோ, வேலை முடிஞ்சுது.

சர்வர்_அறை:
தயவுசெய்து வேண்டாம். அந்த ஃபோல்டரில் எழுத முடிந்த எவரும் எம்எஸ்ஐயை மாற்றி வைக்கலாம், அடுத்து இன்ஸ்டால் ஆகும் எல்லாக் கணினியிலும் அது சிஸ்டம் உரிமையோடு ஓடும். டொமைன் கம்ப்யூட்டர்ஸுக்கு (கணினிக் கணக்குகளின் குழு) ரீட் போதும். ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் டேபில் மட்டும் கொடுத்துவிட்டு செக்யூரிட்டி டேபை மறந்துவிடாதீர்கள், இரண்டிலும் வேண்டும்.

பழைய_மவுஸ்:
டிஐஆர் அடித்ததும் அக்சஸ் டினைட்! செக்யூரிட்டி டேபில் டொமைன் கம்ப்யூட்டர்ஸே இல்லை. இரண்டு இடத்திலும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தேன், 38 கணினியில் ஏறிவிட்டது. மிச்சம் 4 லேப்டாப், அதில் இப்போது 1274 என்ற பிழை வருகிறது.

சர்வர்_அறை:
இது வேறு சங்கதி. விண்டோஸ் வேகமாகத் திறக்க வேண்டும் என்று நெட்வொர்க் வருவதற்குள்ளேயே லாகின் திரையைக் காட்டிவிடும், பாலிசி பின்னணியில் ஓடும். சாஃப்ட்வேர் இன்ஸ்டாலோ அப்படிப் பின்னணியில் நடக்காது, ஜிபிஅப்டேட் மட்டும் கொடுத்து ஏறாததும் அதனால்தான். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் உள்ளே போய் நெட்வொர்க்குக்குக் காத்திருக்கச் சொல்லும் பாலிசியை எனேபிள் செய்து, இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம், அந்த நாலும் வைஃபையா?

பழைய_மவுஸ்:
ஆமாம் அண்ணா, நாலுமே. பாலிசியை எனேபிள் செய்ததும் மூன்றில் ஏறிவிட்டது. நாலாவதில் வைஃபை லாகின் ஆன பிறகுதான் இணைகிறது, அதனால் கேபிள் செருகி ரீஸ்டார்ட் செய்தேன், வந்துவிட்டது. கேபிளைத் தேடத்தான் அரை மணி நேரம்.